லூயிவில் அலி மையம்: அப்பா காலைப் பார்த்தார், நான் கையைப் பார்த்தேன்

சின்சினாட்டியிலிருந்து லூயிவில்லுக்கு நூறு மைல்தான். ஐ-71 பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒன்பது வருடமாக இவ்வளவு பக்கத்தில் இருந்தும் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் அருங்காட்சியகமான அலி மையத்துக்கு நான் போனதே இல்லை. இந்த முறை அப்பா ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார். வந்த மறுநாள் காலையில், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்னால் கேட்டார்: "அலி ஊரு இங்கேருந்து எவ்ளோ தூரம்மா?" நயாகராவும் நியூயார்க்கும் அவருக்கு அப்புறம்தான்.

அப்பா வியாசர்பாடிக்காரர். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் வேலை முடிந்த கையோடு அங்கே போய் நின்ற தலைமுறை. அவரும் இரண்டு வருடம் கிளவுஸ் மாட்டியிருக்கிறார். மூக்கு உடைந்த அன்றைக்கு ஆயா அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. 1980இல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார் இல்லையா, அதை நேரில் பார்த்தவர் அவர். நண்பரும் அவரும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போயிருக்கிறார்கள். கிடைத்த இடம் ரிங்கிலிருந்து வெகுதூரம், முகம் சரியாகத் தெரியவில்லை. நண்பர் சொன்னாராம்: "மூஞ்ச வுடு, கால பாரு." அதிலிருந்து அலி என்றால் அப்பாவுக்குக் கால்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பார்க்கின்சன்ஸ், கை நடுங்கி நடை தடுமாறும் நரம்பு நோய். அலிக்கும் அதுதான். நான் அலியை முதன்முதலில் பார்த்தது 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், எங்கள் வீட்டு டிவியில். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வலது கையில் தீப்பந்தம், இடது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்பா அழுதார். எனக்குக் காரணம் புரியவில்லை. அதனால் அலி என்றால் எனக்குக் கைதான். இந்த மதிப்புரையை இரண்டு பேர் பார்த்ததாக எடுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஊரிலுள்ள அலி தொடர்பான இடங்களைச் சுற்றிக்காட்ட ஒரு வேன்காரரிடம் முன்பணம் கட்டியிருந்தேன். போகிற அன்று காலை எட்டு மணிக்கு 'இன்று வர இயலாது' என்று மெசேஜ் வந்தது. பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அப்படி யாரிடமும் கட்ட வேண்டாம். சொந்தக் காரில் போனால் எல்லா இடத்தையும் நீங்களே பார்த்துவிடலாம், ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரமில்லை.

மையத்துக்கு நேராகப் போகாதீர்கள் என்பேன். முதலில் கிராண்ட் அவென்யூ 3302ஆம் எண் வீட்டைப் பாருங்கள். ஊரின் மேற்குப் பகுதியில் சின்னதாக இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வீடு. பின்னாளில் அலியான காசியஸ் கிளே என்ற பையன் வளர்ந்தது அங்கேதான். அவனுடைய அப்பா பெயர்ப்பலகை எழுதும் பெயின்டர், அம்மா பெயர் ஒடெஸ்ஸா. 2016இல் அந்த வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள், அப்புறம் மூடிவிட்டார்கள். நாங்கள் வெளியிலிருந்துதான் பார்த்தோம். அப்பா வாசலை அளப்பது மாதிரி பார்த்துவிட்டு, "நம்ம குவார்ட்டர்ஸ் அளவுதான் இருக்கு" என்றார்.

அங்கிருந்து நான்காவது தெருவிலுள்ள பழைய கொலம்பியா ஆடிட்டோரியம் கட்டடம். இப்போது அது ஸ்பால்டிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1954 அக்டோபரில் பன்னிரண்டு வயது கிளே தன் புது ஷ்வின் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனான். திரும்பி வந்தால் சைக்கிளைக் காணோம். புகார் கொடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போனால் அங்கே ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர் பையன்களுக்குப் பாக்ஸிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். திருடினவனை அடிப்பேன் என்று பையன் அழுகிறான். முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்கிறார் அவர். ஆறே வருடத்தில், 1960 ரோம் ஒலிம்பிக்கில், லைட் ஹெவிவெயிட் தங்கம்.

அப்பாவுக்கு இந்தக் கதை மனப்பாடம். இருந்தாலும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். நேரு ஸ்டேடியம் சைக்கிள் ஸ்டாண்டில் கொடுத்த டோக்கனை அன்று முழுக்க மடித்துக் கட்டிய சட்டைக் கைக்குள் பத்திரமாக வைத்திருந்ததாக அங்கே நின்றுதான் எனக்குச் சொன்னார். கடன் வாங்கிய சைக்கிளாம் அது.

சரி, மையத்துக்கு வருவோம். 2005 நவம்பரில் திறந்தது, ஓஹையோ ஆற்றங்கரையை ஒட்டி ஆறு மாடி. வெளிச்சுவரில் வண்ண ஓடுகள் பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் போனால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தள்ளிப் போகப் போகக் கட்டங்கள் சேர்ந்து அலியாகின்றன: கை தூக்கிய அலி, குத்துக்கு நிற்கும் அலி. அப்பா மூன்று முறை முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். கட்டடம் கட்டினவர்களுக்கு அந்த இடத்திலேயே முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

உள்ளே காட்சிகளை வருட வரிசையில் வைக்கவில்லை. அலி வாழ்ந்துகாட்டியதாக இவர்கள் கருதும் ஆறு பண்புகளின் கீழ் பிரித்திருக்கிறார்கள்: தன்னம்பிக்கை, கொள்கைப் பிடிப்பு, அர்ப்பணிப்பு, கொடை, மரியாதை, ஆன்மிகம். நல்ல யோசனைதான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் காரில் போகும்போதே அவர் வாழ்க்கையை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு அப்பா இருந்தார்.

அவர் சொன்ன வரிசை இது. 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். எதிரில் சானி லிஸ்டன், எல்லோரும் பார்த்துப் பயந்த ஆள். கிளேக்கு 22 வயது. ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழவில்லை. சாம்பியனானதும் மதமாற்றத்தை அறிவித்து, முகம்மது அலி என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸோடு நடந்த போட்டிதான் அப்பாவுக்கு உச்சம். மூன்றே ரவுண்டு. கை இரண்டும் இடுப்போரம் தொங்க, குத்து வருகிறபோது தலையைப் பின்னால் சாய்த்து மயிரிழையில் தப்பிக்கும் ஆட்டம். எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் செய்யாதே என்றுதான் சொல்வார். கால் அவ்வளவு வேகமாக இருந்தால்தான் அது எடுபடும். ஆறடி மூன்றங்குல உயரத்தில், ஹெவிவெயிட்டில், அந்தக் காலை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

1967 ஏப்ரல் 28. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் ஹூஸ்டன் முகாமில் பெயர் கூப்பிட்டபோது முன்னால் அடியெடுத்து வைக்க மறுத்தார். பட்டம் போனது, உரிமம் போனது. ஐந்து வருடச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் இருந்ததால் சிறைக்குள் போகவில்லை. ஆனால் ரிங்குக்குள்ளும் போக முடியவில்லை. 25 வயதிலிருந்து 28 வயது வரை, மூன்றரை வருடம். 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது அந்த வருடங்கள் திரும்பி வரவில்லை.

கொள்கைப் பிடிப்பு என்ற பகுதியில் இதற்கு முன்னோட்டமாக ஒரு இடம் இருக்கிறது. நிறவெறி காலத்து உணவகக் கவுண்டரை அப்படியே அமைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போனால் ஒரு குரல் உங்களை விரட்டுகிறது, இங்கே உனக்கு இடமில்லை என்ற தோரணையில். எனக்கு முதலில் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று தேடத்தான் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் அப்பா இரண்டடி பின்னால் போயிருந்தார். ஸ்பீக்கர் என்று தெரிந்தும் போயிருந்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, மதுராந்தகம் பக்கம் எங்கள் ஆயா ஊரில், டீக்கடையில் எட்டு வயதில் கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்ததைச் சொன்னார். நாற்பது வருடத்தில் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. கடைக்காரர் பெயரை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், குடித்தார். "வா, டிரெய்னிங் கேம்ப பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

பென்சில்வேனியாவில் டீர் லேக் என்ற இடத்தில் அலி வைத்திருந்த பயிற்சி முகாமை உள்ளே மறுபடி அமைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த மையத்திலும் சிறந்த இடம் இதுதான். குத்துப்பை இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம், குத்திப் பார்க்கலாம். அலியின் நிழலோடு நீங்களும் ஷேடோ பாக்ஸிங் செய்யலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் கத்திக்கொண்டு ஆளுக்கொரு குத்து விட்டார்கள். அவர்கள் நகர்ந்ததும் அப்பா முன்னால் போனார். 68 வயது, வலது முட்டியில் தேய்மானம். இடது காலை முன்னால் வைத்தார், குதிகாலைத் தூக்கினார், தாடையை உள்ளே இழுத்தார். இடது கை நீண்டு, அதே கோட்டில் திரும்பி வந்தது. மறுபடி நீண்டது. முகத்தைக் காக்கும் கை கீழே இறங்கவே இல்லை. ஜாப் என்ற அந்த நேர்க்குத்துக்கு அவர் தோள் திரும்புகிற அழகை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்பத்தைந்து வருடம் எங்கேயோ மடித்து வைத்திருந்ததை எடுத்து உதறின மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மூச்சு வாங்க நின்றார். அந்தப் பிள்ளைகளில் ஒரு சிறுமி கை தட்டினாள்.

அப்புறம் முழு அளவு ரிங் ஒன்று இருக்கிறது, அதன் மேல் படம் ஓடுகிறது. சுற்றி நின்று பார்க்கலாம். அங்கேதான் அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது.

அவர் சொன்னார்: மூன்றரை வருடம் கழித்து, 1970 அக்டோபரில், அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியோடு அலி திரும்பி வந்தபோது பழைய கால் வரவில்லை. 1971 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ ஃப்ரேசியர் இடது கையை வளைத்து விட்ட ஹூக் பதினைந்தாவது ரவுண்டில் அவரைக் கீழே தள்ளியதே அதனால்தான். கால் இல்லாத குறையை மூளையால் ஈடுகட்டினார். 1974 கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மன், 25 வயது, 40 போட்டியில் 40 வெற்றி. கயிற்றில் சாய்ந்துகொண்டு அத்தனை அடியையும் கையிலும் விலாவிலும் வாங்கி, ஃபோர்மன் களைத்ததும் எட்டாவது ரவுண்டில் முடித்தார். அதுதான் அப்பாவுக்கு அறிவின் வெற்றி.

நான் சொன்னேன்: அறிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடி வாங்கியும் ஜெயிக்கலாம் என்று கண்டுகொண்டதுதான் அவருக்கு எமனாகிவிட்டது. 1975 மணிலாவில் ஃப்ரேசியரோடு பதினான்கு ரவுண்டு, அந்தப் புழுக்கத்தில். 1977இல் எர்னி ஷேவர்ஸோடு பதினைந்து ரவுண்டு. அது முடிந்ததும் அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, இதற்கு மேல் நான் கூட இருக்க மாட்டேன் என்று விலகிவிட்டார். அதன் பிறகும் நான்கு போட்டிகள். பார்க்கின்சன்ஸ் வந்தது அடியால்தான் என்று ஒரு தனி மனிதரைக் காட்டி அறுதியிட்டுச் சொல்ல முடியாது. என் தொழிலில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி ஆபத்தைக் கூட்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ரிங்கில் ஓடும் அந்தப் படத்தில் மற்றவர்கள் பார்ப்பது ஜெயித்த குத்தை. எனக்குத் தெரிந்தது அதற்கு முன்னால் வாங்கிய குத்து.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நான் பார்த்த அலி அந்த அலிதானே" என்றார்.

ஆமாம். மெட்ராஸில் அவர் பார்த்தது ஓய்வை அறிவித்துவிட்ட 38 வயது அலியை. அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரோடு சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட அலி. அந்த இந்தியப் பயணத்தில் இருக்கும்போதுதான் ஜனாதிபதி கார்ட்டர் அவரை மாஸ்கோ ஒலிம்பிக் புறக்கணிப்புக்கு ஆதரவு திரட்ட ஆப்பிரிக்காவுக்குப் போகச் சொன்னார். அதே வருடம் அக்டோபர் 2, லாஸ் வேகாஸில், முன்பு தன் பயிற்சிக் கூட்டாளியாக இருந்த லாரி ஹோம்ஸோடு மறுபடி ரிங்கில் இறங்கினார். பத்து ரவுண்டு அடி. அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். 61 போட்டிகளில் 56 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில், முடியும் முன்பே நிறுத்தப்பட்டது அது ஒன்றுதான். மெட்ராஸில் ரிங்கில் எதிரில் நின்ற ஜிம்மி எல்லிஸும் இதே லூயிவில்காரர்தான், ஜோ மார்ட்டினிடம் பயின்றவர், அவரும் ஒரு காலத்தில் உலக சாம்பியன். கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. 2014இல் இந்த ஊரிலேயே இறந்தார். இதை அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

அட்லாண்டா தீப்பந்தம் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. நான் அங்கே அதிக நேரம் நின்றேன். 1984இல் நோய் இன்னதென்று தெரிந்த ஒருவர், பன்னிரண்டு வருடம் கழித்து, உலகமே பார்க்கும் இடத்தில் நடுங்கும் கையோடு வந்து நின்றார். என் நோயாளிகளில் எத்தனையோ பேர் கல்யாண வீட்டுக்குப் போக மாட்டார்கள், இலையில் சாம்பார் சிந்திவிடும் என்று. கையைப் பாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் நான் இந்த மனிதரைத்தான் பேசுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிராளி இல்லாமல், தலையில் அடி இல்லாமல் பாக்ஸிங் பயிற்சியைப் பார்க்கின்சன்ஸ்காரர்களுக்குக் கொடுக்கும் முறை 2006இல் பக்கத்து மாநிலமான இந்தியானாவில்தான் தொடங்கியது. கால் மாற்றி வைப்பது, எட்டிக் குத்துவது, திரும்புவது எல்லாம் நடைக்கும் சமநிலைக்கும் உதவுகின்றன. நானும் வாரம் இரண்டு நாள் அதைச் செய்யவைக்கிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், இரண்டு மணி நேரம் போதாது. லிஃப்ட் இருக்கிறது, முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். முதியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தங்கப் பதக்கத்தை அலி வீசி எறிந்ததாகச் சொல்வது இந்த ஆற்றில்தான். அவர் பெயரில் வந்த சுயசரிதையில் அப்படி இருக்கிறது, நெருங்கியவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். அப்பா மட்டும் வீசினார் என்றே நம்புகிறார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

கேவ் ஹில் கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். 2016 ஜூன் 3 இறந்தவரை 10ஆம் தேதி அங்கே அடக்கம் செய்தார்கள். ஆடம்பரமில்லாத கல். பிறருக்குச் செய்யும் தொண்டுதான் சொர்க்கத்து அறைக்கு நாம் கொடுக்கும் வாடகை என்று அவருடைய வாசகத்தைப் பொறித்திருக்கிறார்கள். யாரோ ஒரு சின்ன கிளவுஸ் சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மையத்துக்குள் இருக்கும் கடையைப் பற்றிக் கேட்பீர்கள். டி-ஷர்ட், தொப்பி, சாவிக்கொத்து எல்லாம் இருக்கின்றன, விலை கொஞ்சம் கூடுதல். அப்பாவுக்கு அதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சைக்கிளில் டபுள்ஸ் போன நண்பர் இப்போது பக்கவாதம் வந்து வியாசர்பாடி வீட்டிலேயே இருக்கிறார், அவருக்கு அனுப்ப ஒரு படம் மட்டும் கேட்டார். கடைப்பெண் எடுத்துக் காட்டிய நான்கைந்தும் முகம் பெரிதாகத் தெரியும் படங்கள். அப்பா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கால் தெரிகிற படம் வேண்டும் என்று நான் எடுத்துச் சொன்னேன். கடைப்பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு, கீழ் இழுப்பறையைத் திறந்து தேட ஆரம்பித்தார். மூன்றாவது கட்டுக்குள் கிடைத்தது.